கணக்கில் வராத தண்ணீர்

“எழுதத் தெரியுமா உனக்கு?” என்று சிஸ்டர் கேட்டது, அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த அவளைக் குத்திக்காட்டுவதற்காக அல்ல. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் பதினொரு கட்டில், ஆண்கள் வார்டுக்கு ஒன்பது கட்டில். பகலில் இரண்டுக்கும் சேர்த்து நர்ஸ்கள் இரண்டே பேர். ஊசி போடுவார்களா, குளுக்கோஸ் பாட்டில் மாற்றுவார்களா, எந்தக் கட்டிலில் யார் எத்தனை வாய் தண்ணீர் குடித்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்களா? அதனால் நோயாளிக்குத் துணையிருப்பவர்களில் நாலெழுத்து படித்த முகமாக ஒன்று தென்பட்டால் அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது அங்கே பழக்கமாகிவிட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை. மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் மட்டும் தாள்களெல்லாம் நர்ஸ் மேஜைக்குப் பறந்துவிடும்.

அவள் தலையை ஆட்டினாள். ‘தெரியும்’ என்று வாயைத் திறந்து சொல்ல அவளுக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் கேட்டவர்கள் நடையைக் கட்டிவிடுவார்கள். சிஸ்டர் நின்றார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த, ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷமே பாக்கியிருந்த மனுஷி அவர். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். தாளில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்றின் தலையில் ‘உள்ளே’, மற்றதின் தலையில் ‘வெளியே’. அம்மா குடிப்பதெல்லாம் உள்ளே. டீ, சூப், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்து வெளியே என்ற பத்தியில் எழுத வேண்டும். தினமும் காலையில் டீக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

“ஒரு லிட்டரா?” என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா. “எங்க கடைல ஒரு கீரைக்கட்டுக்கு இதைவிட அதிகமா தெளிப்போம் சிஸ்டர்.”

சிஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மாவுக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அங்கே அவளுக்குப் பெயர் வெண்கலம். அவள் தக்காளிக்கு விலை சொன்னால் கடைசியில் இருக்கும் மீன்கடை வரை கேட்கும். அப்படிப்பட்டவள் வயிற்றில் எப்படி இப்படி ஒரு பெண் பிறந்தாள் என்று மார்க்கெட்டே வியந்தது. ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி வாசிக்கச் சொன்னபோது அரை மணி நேரம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. அம்மா அடித்துப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். பிறகு கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். விலை சொல்ல வாய் வராவிட்டால் என்ன, எடை போடக் கை இருக்கிறதல்லவா. “என் வாயில்லாப் பூச்சி” என்று வாடிக்கையாளர்களிடம் அறிமுகப்படுத்துவாள். “ஆனா இது போடற எடைல ஒரு கிராம் தப்பாது.”

இப்போது அம்மாவின் இதயம் களைத்துப்போயிருந்தது. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, மூச்சு முட்டி, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்க முடிந்தது. இதயம் தள்ள முடியாத நீரெல்லாம் உடம்பில் தேங்குகிறது, ஊசி போட்டு அதை வெளியேற்றுகிறோம், மறுபடி தேங்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் என்று டாக்டர் சொன்னார். மெலிந்த, இளவயதுப் பெண் அவர். நடக்கும்போதே பேசி, பேசும்போதே எழுதுவார். நீர் நன்றாக வடிந்தால் பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார். அம்மா அந்தப் பத்தை அப்போதே பிடித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திங்கட்கிழமை அறுபத்தொன்பது கிலோவில் வந்தவள் புதன்கிழமை காலையில் அறுபத்தேழரை. டாக்டர் தாளைப் புரட்டி, இதை எழுதுவது யார் என்று கேட்டார். நம் ரெக்கார்டையெல்லாம்விடச் சுத்தமாக இருக்கிறதே என்றார். அவளுக்குக் காது மடல் சூடானது. பள்ளிக்கூடத்தை விட்ட இரண்டு வருஷத்தில் அவளுடைய எழுத்தை எடுத்துப் படித்தவர் அவர்தான். அன்றைக்கு அவள் கோடுகளை ஸ்கேல் வைத்து மறுபடி போட்டாள்.

தாகம் வந்தது அன்று பிற்பகல்.

பெண்கள் வார்டுக்கு மேற்குப் பக்கம் ஜன்னல். மூன்று மணிக்கு வெயில் அம்மாவின் ஏழாம் கட்டில் மேலேயே வந்து உட்காரும். மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டோடு எழுநூறு மில்லி முடிந்திருந்தது. மீதி முந்நூறை ராத்திரி வரை நீட்ட வேண்டும். அம்மா முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். குழாயடியில் சண்டை போட்டு எத்தனை குடம் பிடித்திருப்பேன், அதில் ஒரு குடம் இப்போது யாராவது கொண்டுவரக் கூடாதா என்றாள். மூன்றாம் கட்டில் அத்தை, இடுப்பெலும்பு முறிந்து வந்து ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தவள், எனக்குத் தண்ணீர் குடி குடி என்கிறார்கள், இறங்கவே மாட்டேனென்கிறது, ஆளை மாற்றிப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சிஸ்டரிடம் போய் அவள் நின்றாள். என்ன என்று அவராகவே கேட்டு, அவராகவே புரிந்துகொண்டு, சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிடு, அது பரவாயில்லை என்றார்.

அதிலிருந்துதான் எல்லாம். அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, துணியை நனைத்து, உதட்டில் வைத்தாள். அம்மா துணியின் நுனியைப் பல்லால் கவ்வி உறிஞ்சினாள். குழந்தை உறிஞ்சுவதைப் போல இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடி நனைத்தாள். பிழியாமல் வைத்தாள். துணி நனைவதும் வறள்வதுமாக அரை மணி நேரம் போயிற்று. அம்மா தூங்கிப்போனாள். டம்ளரைப் பார்த்தால் அடியில் ஒரு விரல் தண்ணீர்தான் இருந்தது. இருநூறு பிடிக்கும் டம்ளர். நூற்றைம்பது போயிருக்கிறது. எடை போட்டுப் பழகிய கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா?

பேனாவை எடுத்தாள். குடித்ததைத்தானே எழுதச் சொன்னார்கள், இது துடைத்தது என்று நினைத்தாள். துடைக்கச் சொன்னதும் சிஸ்டர்தான். பேனாவை மூடினாள். துணி குடித்த தண்ணீர் கணக்கில் வராது.

மறுநாள் துணி இரண்டு டம்ளரைக் குடித்தது. அதற்கு மறுநாள் துணி எதற்கு என்று அம்மாவே கேட்டுவிட்டாள். ஆயா மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் ஆண்கள் வார்டில் இருந்தார். “ஒரே வாய், கண்ணு. அம்மா தொண்டைய நனைச்சுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் அம்மா. மார்க்கெட்டில் பத்துப் பைசாவுக்கு இறங்கிவராதவள் அப்படிக் கெஞ்சினாள். அவள் டம்ளரை உதட்டில் வைத்தாள். ஒரு வாய் நாலு வாயானது. குடித்து முடித்த அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு டம்ளர் கொடுக்கலாம் போலிருந்தது. கொடுத்தாள்.

தாளில் ஆயிரம் என்று எழுதினாள். எண்கள் அழகாக இருந்தன.

ஆனால் எடை நின்றுவிட்டது. வியாழன் அறுபத்தேழு இருநூறு. வெள்ளி அதே. சனிக்கிழமை அறுபத்தேழு நானூறு. டாக்டர் தாளைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், அம்மாவின் காலை விரலால் அழுத்தி அந்தக் குழி நிரம்ப எத்தனை நேரமாகிறது என்று பார்த்தார். உள்ளே போவது ஆயிரம், வெளியே வருவது ஆயிரத்து அறுநூறு, உடம்பு குறையாமல் எப்படி இருக்கும்? அப்போது டாக்டருக்குச் சந்தேகம் வந்தது தராசின் மேல்தான். ஆண்கள் வார்டு எடை மெஷினைத் தூக்கி வரச் சொன்னார். இரண்டிலும் அம்மாவை ஏற்றி இறக்கினார்கள். பிறகு டாக்டரே ஏறிப் பார்த்தார். ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டு, இந்த மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

“எங்க தராசையே வருஷத்துக்கு ஒரு தடவைதான் வந்து பாப்பாங்க. இங்க ஒரு காலைல மூணு சோதனை” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவள் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டினாள்.

தராசு சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் மருந்துதான் போதவில்லை என்று டாக்டர் முடிவு செய்தார். ஊசியின் அளவு இரண்டு மடங்கானது.

மருந்து நீரை இறக்க, நாக்கு இன்னும் வறண்டது. நாக்கு வறள, அம்மா இன்னும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கொடுத்தாள். சனிக்கிழமை எழுநூறு, ஞாயிறு எண்ணூறு. தாளில் எழுதாததை அவள் தலைக்குள் எழுதி வைத்துக்கொண்டாள். அது தானாகவே நடந்தது. ஞாயிறு சாயங்காலம் அம்மாவுக்கு இரண்டு கெண்டைக்காலிலும் குரக்கு வலி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் கட்டில் அத்தைகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் அம்மாவின் காலை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது.

திங்கட்கிழமை காலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் அதை நர்ஸ் மேஜையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். இன்னொரு மருந்தும் சேர்ப்போம், மத்தியானத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு ஆண்கள் வார்டுக்குப் போனார். தலையணையைச் சரிசெய்ய வந்த சிஸ்டர், அவளைப் பார்த்துச் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை: “ஏற்கெனவே இந்த ஊசில கிட்னி திணறுது. இதுக்கு மேல தாங்குமான்னு தெரியல.”

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளில் வீடு என்று சொன்னதில் எட்டாவது நாள் அது.

அவள் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நர்ஸ் மேஜைக்குப் போனாள். சிஸ்டர் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னம்மா என்றார். அவள் நின்றாள். சிஸ்டர் எழுந்து போய் இரண்டாம் கட்டிலுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தார். அவள் அங்கேயே நின்றாள். ஃபோன் அடித்தது, எடுத்துப் பேசி வைத்தார். அவள் இன்னும் நின்றாள். ஒன்பதாம் வகுப்பில் நின்றதைவிட அதிக நேரம் நின்றிருப்பாள்.

“இதுல இருக்கறது உண்மை இல்ல” என்றாள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். தாளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டார்.

“புதன் நூத்தம்பது. வியாழன் நானூறு. வெள்ளி அறுநூறு. சனி எழுநூறு. நேத்து எண்ணூறு. இன்னிக்கு விடிஞ்சதும் ஒரு டம்ளர்.”

சிஸ்டர் ஒவ்வொன்றையும் ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் மேஜையில் போட்டார். பிறகு எழுந்து ஆண்கள் வார்டுக்கு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் சத்தம் போடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் சத்தம் போடவில்லை. மத்தியான மருந்தை நிறுத்தினார், ஊசியைப் பாதியாகக் குறைத்தார், இன்னொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எல்லாம் முடிந்த பிறகு, இந்தத் தாளை இந்தப் பெண் கையில் கொடுத்தது யார் என்று கேட்டார். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான்தான் என்றார் சிஸ்டர். விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார் டாக்டர். சரி என்றார் சிஸ்டர். போகும்போது டாக்டர் அவள் முன்னால் ஒரு நிமிடம் நின்று, நீ சொல்லாமல் இருந்திருந்தால் இன்னிக்கு நானே உங்க அம்மாவைக் கெடுத்திருப்பேன் என்று மெதுவாகச் சொன்னார். அவள் கையிலிருந்த அட்டையைக் காணோம். எப்போது வாங்கிக்கொண்டார்கள் என்றே தெரியவில்லை.

சிஸ்டர் ஏழாம் கட்டிலின் அலமாரியிலிருந்து தண்ணீர்ச் செம்பையும் டம்ளரையும் எடுத்தபோது அம்மா விழித்துக்கொண்டாள். செம்பு போவதைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“நீயா சொன்ன?”

அவள் தலையை ஆட்டினாள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. ஆனால் சந்தையில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் பழகிய அந்தக் குரல்தான். “உன்னப் பேச வைக்கணும்னு எத்தனை வருஷம் பாடுபட்டேன். எந்தக் கோயில் குளம் பாக்கி. கடைசில பேசினது இதுக்குத்தானாடி?”

அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சிஸ்டரே இரண்டு மணிக்கொரு தரம் வந்து சின்ன அளவுக் குப்பியில் தண்ணீர் கொடுத்தார். அவர் கையால் கொடுத்ததை அம்மா ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள். சிஸ்டர் வேலையாக இருந்தபோது, இதை உங்க அம்மாவுக்குக் கொடு என்று அவளிடம் ஒரு தரம் நீட்டினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. குப்பி அவள் கையிலேயே இருந்தது. கடைசியில் ஆயா வாங்கிக் கொடுத்தாள்.

பேசாமல் இருந்தாள் என்றும் சொல்ல முடியாது. ஆயாவிடம் பேசினாள். எடை பார்க்க வந்தவரிடம், ஸ்டோர்க்காரர் பிழைத்தாரா என்று கேட்டாள். மூன்றாம் கட்டில் அத்தையிடம், எழுந்து போனதும் தன் கடைக்கு வந்தால் ஒரு வாரக் காய் இனாம் என்றாள். குரல் இறங்கிக்கொண்டே வந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஒன்றுகூட மகள் பக்கம் வரவில்லை. திட்டினால்கூடப் போதும் என்று அவளுக்கு இருந்தது. இரண்டு நாளாக அவளை வாயில்லாப் பூச்சி என்று யாரும் கூப்பிடவில்லை. பெத்த பிள்ளைகிட்ட இந்த வீம்பு ஆகுமா என்று அத்தை ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். அம்மா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். பெட்பேன் வைக்க, கால் தேய்க்க, தலையணை உயர்த்த அம்மா அவளைத் தடுக்கவில்லை. யாரோ வந்து செய்துவிட்டுப் போகிற மாதிரி உடம்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குவளையில் சிறுநீர் நாளுக்கு நாள் குறைந்தது. எழுத வேண்டியதில்லை என்றாலும் அவள் கண் அந்தக் கோட்டைத்தான் பார்த்தது. செவ்வாய் அறுநூறு. புதன் இருநூற்றைம்பது.

புதன் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும் முன் சிஸ்டர் பாயருகே வந்து குனிந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவே உட்கார்ந்துவிட்டார். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகாது, நீ அதை நினைத்துக் குழம்பாதே என்றார். பிறகு, “நீ சொன்னது நல்லதுதாம்மா. கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம். நானும் கொஞ்சம் முன்னாடி கேட்டிருக்கலாம்” என்றார்.

அந்தத் தண்ணீரால்தானா என்று அவள் கேட்க நினைத்தாள். வாய் வருவதற்குள் சிஸ்டர் கட்டில் காலைப் பிடித்து எழுந்துவிட்டார்.

புதன் இரவே டாக்டர் அப்பாவை வரச் சொல்லியிருந்தார். வெளியூருக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்த அப்பா லாரியை நடுவழியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் மாறி மாறி வியாழக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். சிறுநீரகம் வேலையை நிறுத்தும் நிலையில் இருக்கிறது, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு, இங்கே வைத்திருந்தால் பயனில்லை, இன்றைக்கே அனுப்புகிறோம் என்றார் டாக்டர். மெஷின் வைத்தால் சரியாகிவிடுமா என்று அப்பா கேட்டார். டாக்டர், பார்க்கலாம் என்றார். நடந்தது எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருப்பதாகவும், அங்கே கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் என்றால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பத்தரை மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் அம்மாவை மாற்றியபோது அவள்தான் தலைப்பக்கம் பிடித்தாள். வீங்கிய உடம்பு அவள் கைக்குக் கனக்கவில்லை. மூன்றாம் கட்டில் அத்தை படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினாள். அம்மா பிராணவாயு முகமூடியை விலக்கி, கடைக்கு வந்துடு என்றாள். சிஸ்டர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். சிஸ்டரின் கையைப் பிடித்து அம்மா ஏதோ சொன்னாள். சிஸ்டர் தலையை ஆட்டினார்.

வண்டியில் துணைக்கு ஒருவர்தான் ஏறலாம் என்றார் டிரைவர். அப்பா ஏறினார். அம்மா மறுபடி முகமூடியை விலக்கினாள். “ரோடு குண்டும் குழியுமா இருக்கும். அவரை மெதுவா ஓட்டச் சொல்லு” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா சொன்னார். டிரைவர் சரிம்மா என்றார்.

அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் அம்மாவின் செருப்பும் துணிப்பையும் இருந்தன. மருந்துச் சீட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள், வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா, நான் பின்னாடியே பஸ்ல வந்துடறேன்.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். அப்பாவே திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். அம்மாவின் கண் திறந்திருந்தது. அவளை நேராகப் பார்த்தது. உதடு காய்ந்து வெடித்து, நடுவில் ஒரு கோடாக இரத்தம் கட்டியிருந்தது. அம்மாவின் கை மெல்ல எழுந்து முகமூடி வரை போயிற்று. அவள் ஓரடி முன்னால் வைத்தாள்.

அம்மா முகமூடியைச் சரியாக வைத்து அழுத்திக்கொண்டாள். டிரைவர் கதவைச் சாத்தினார். வண்டி வாசல் மேட்டில் ஏறி இறங்கி, அம்மா சொன்னபடியே மெதுவாக, தெருவில் திரும்பிப் போயிற்று.